டெல்லி ரயில் அருங்காட்சியகம்: எந்த வரிசையில் பார்த்தால் பாடம் புரியும்?

சாணக்யபுரியில் 1977 முதல் இயங்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் பலரும் போவது பொம்மை ரயிலுக்காக. ஆனால் ரயிலின் வரலாற்றையும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் இன்றைய ரயிலையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லித்தர டெல்லியில் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆண்டு வரிசையில் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு எஞ்சின் முன்னாலும் ஒன்றையே கேளுங்கள்: சக்தி எங்கிருந்து வருகிறது, பிரேக் போட்டால் எங்கே போகிறது?

பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் ராட்சத 'காரட்' (Garratt) வகை நீராவி எஞ்சினில் தொடங்கலாம். நீராவி எஞ்சினில் எரித்த கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையாக மாறாது. மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும்.

அடுத்து நெருப்பில்லா எஞ்சின். சிந்திரி உரத் தொழிற்சாலையில் ஓடியது. கரி போடும் அடுப்பே கிடையாது. ஆலையின் பாய்லரிலிருந்து அழுத்தமான நீராவியை உள்ளே இருக்கும் வெந்நீரில் ஏற்றிவிடுவார்கள். ஓட ஓட அழுத்தம் குறையும், அந்த நீர் மேலும் மேலும் ஆவியாகும், தீர்ந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். பேட்டரி வண்டியின் தொல்லையும் இதேதான். இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு "ரீசார்ஜ்" பற்றித் தனியாகப் பாடம் தேவையில்லை.

மின்சார ரயில் என்றால் நமக்கு 1931-ன் கடற்கரை–தாம்பரம் நினைவுக்கு வரும்; பம்பாயில் 1925-லேயே வந்துவிட்டது. பின்னர் பம்பாய்–பூனா மலைத்தடத்தில் ஓடிய 'சர் லெஸ்லி வில்சன்' மின்சார எஞ்சின் இங்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் நீண்ட மூக்கு, நீராவி எஞ்சின் போலவே சக்கரங்களை இணைக்கும் தண்டுகள். அவசரப்படாமல் பாருங்கள். 37 அடிக்கு ஓர் அடி சரியும் அந்தத் தடத்தின் 'போர் காட்' (Bhor Ghat) மலைப்பாதையில் இறங்கும்போது இதன் மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். இதே உத்திக்காகத்தான் 2007-ல் டெல்லி மெட்ரோ கார்பன் வெளியீட்டைக் குறைப்பதற்கான ஐ.நா. திட்டத்தில் பதிவானது.

ஆகவே மெட்ரோவிலேயே திரும்புங்கள். பிங்க் லைனின் மோதி பாக் நிலையம் வரை ஆட்டோ போதும். நிலையம் நெருங்கும்போது அடியிலிருந்து வரும் ரீங்காரம் இறங்குவதைக் கேட்கச் சொல்லுங்கள்: வேகத்தைக் குறைப்பது மோட்டார்தான், காற்று பிரேக் கடைசியில்தான் முழுதாகப் பிடிக்கும். இலவச மின்சாரம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வண்டியைக் கிளப்பச் செலவானதில் ஒரு பகுதிதான் திரும்புகிறது, அதையும் பெரும்பாலும் அதே தடத்தில் ஓடும் வேறொரு ரயில்தான் வாங்கிக்கொள்கிறது.

திங்கள் விடுமுறை. எஞ்சின்கள் திறந்தவெளியில் நிற்பதால் மே, ஜூனில் காலையிலேயே போய்விடுங்கள். பொம்மை ரயிலைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் ஏற்றினால் பிள்ளைகளின் கவனம் மறுபடி எஞ்சின்கள் பக்கம் வராது.