பாலையில் ஒரு ராத்தங்கல்: தண்ணீரைச் சுமப்பதா, ஒளித்து வைப்பதா, ஊற்றை நம்புவதா?

ஆளரவமே இல்லாத பாலை நிலத்தில் ஒரு ராத்திரி தங்கி நடக்கத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கூடாரம், காலணி, வரைபடம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த வரிசையே தப்பு என்று எனக்குப் படுகிறது. தண்ணீருக்கு என்ன வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எவ்வளவு தூரம் நடப்பது, எங்கே படுப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

முழுத் தண்ணீரையும் சுமந்தால் கணக்கு எளிது, கஷ்டம் முதுகுக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது மிதமான வெயிலுக்கே குறைந்தபட்சம். கொளுத்தும் வெயிலில் ஏறி இறங்கினால் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வையாகவே போய்விடும். காலையில் கிளம்பி மறுநாள் மதியம் திரும்புவதற்கு, சமையலையும் சேர்த்து, 8 லிட்டராவது வேண்டும். அதாவது மற்ற சாமான்களைத் தொடுவதற்கு முன்பே பையில் 8 கிலோ. இதை ஒரே பெரிய பையில் ஊற்றிக்கொண்டு போகாதீர்கள், ஒரு முள் குத்தினால் போதும், எல்லாம் போச்சு. நாலைந்து பாட்டில்களாகப் பிரித்து, முதுகை ஒட்டினாற்போல் அடுக்குங்கள். உப்பு சேர்ந்த தின்பண்டமும் கூடவே இருக்கட்டும். வியர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த விஷயம், மிச்சம் எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிவதுதான். பாதித் தண்ணீர் தீர்ந்தும் பாதி வழி வரவில்லையா, யோசிக்காமல் திரும்பிவிடலாம்.

முன்கூட்டியே வழியில் ஒளித்து வைத்தால் சுமை பாதியாகக் குறையும். ஆனால் வண்டி போகும் தடம் நடைபாதையை எங்காவது தொட்டால்தான் இது நடக்கும். மெல்லிய பிளாஸ்டிக் கேன் வெயிலில் நொறுங்கும், எலி கடித்து ஓட்டை போடும். கெட்டியான கேனாகப் பார்த்து, பாறை நிழலில் வைத்து, பெயரும் எடுக்கப்போகும் தேதியும் எழுதுங்கள். ஜிபிஎஸ் புள்ளியோடு சுற்றுப்புறத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு பாறைக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே தெரியாது. சில பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் இப்படி வைக்க அனுமதி இல்லை, விசாரித்துவிடுங்கள். காலிக் கேனைத் திரும்ப எடுத்து வருவதும் உங்கள் பொறுப்பு. முக்கியமாக, அங்கே போய்ப் பார்க்கும்போது கேன் காலியாக இருந்தாலும் உயிரோடு வெளியேறுகிற அளவுக்குக் கையில் தண்ணீர் இருக்க வேண்டும்.

ஊற்றை மட்டும் நம்பிப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வரைபடத்தில் நீலப் புள்ளி இருக்கிறது என்பதற்காக இன்றைக்குத் தண்ணீர் இருக்கும் என்று அர்த்தமில்லை. அப்படியே தண்ணீர் இருந்தாலும், ஃபில்டர் கிருமியையும் கலங்கலையும் நீக்குமே தவிர, கரைந்திருக்கும் உப்பையும் ஆர்சனிக் என்ற நஞ்சையும் நீக்காது. சமீபத்தில் அங்கே போய்வந்தவர் சொன்னால், கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளலாம். அப்போதும் ஊற்றோரமாகவே படுக்காதீர்கள், ராத்திரி தண்ணீர் தேடி வரும் விலங்குகள் உங்களைப் பார்த்து மிரண்டு திரும்பிவிடும்.

வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடக்கலாமா? வெக்கை மாதங்களில் பாம்பும் தேளும் வெளியே வருவதும் அப்போதுதான், வழியும் தவறும். விடியலில் நடந்து, உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்கி, சாயங்காலம் மறுபடி நடப்பது மேல். அதுவும் முடியாத வெயில் என்றால் பயணத்தைக் குளிர்ந்த மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம் படுக்கை. வறண்ட ஓடையின் மணல் மெத்தென்றிருக்கும், காற்றும் அடிக்காது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் எங்கோ பெய்த மழை அதே வழியாகத்தான் பாய்ந்து வரும். 1997 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிசோனாவில், ஆன்டலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது பல மைல் தள்ளி. கரை மேட்டில் கல் குத்தினாலும் அங்கேயே படுங்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் இறங்கித் தேங்கும் என்பதால், மேட்டில் குளிரும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.