ஆர்க்டிக்கில் ஆறு மணி நேரம்: இலுலிசாட், லாங்யியர்பியன், ஹோனிங்ஸ்வோக்

சுற்றுலாக் கப்பலில் ஆர்க்டிக் பகுதிக்குப் போகிறவர், ஒரு துறைமுக ஊரில் கழிப்பது பெரும்பாலும் ஆறு முதல் எட்டு மணி நேரம்தான். அதனால் பயணத்திட்டங்களை ஒப்பிடும்போது எந்த ஊர் வடதுருவத்துக்கு அதிக அருகில் இருக்கிறது என்று பார்ப்பதில் பெரிய பொருளில்லை. கரையில் இறங்கியபின் யாருடைய துணையுமின்றி எவ்வளவு தூரம் நடக்கலாம், அந்த நடையின் முடிவில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்த அளவுகோலை வைத்து, கப்பல் நிறுவனங்கள் அதிகம் விற்கும் மூன்று ஊர்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் டிஸ்கோ விரிகுடாவை ஒட்டியுள்ள இலுலிசாட், 1741இல் டேனிஷ் வணிகக் குடியிருப்பாகத் தொடங்கி, இன்று ஏறக்குறைய ஐயாயிரம் பேர் வாழும் மீன்பிடி ஊராக இருக்கிறது. இதன் தெற்கு எல்லையிலேயே, 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பனி ஃபியோர்டு (செங்குத்துக் கரைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்நீர்ப் பள்ளம்) தொடங்குகிறது. அதன் உட்கோடியில் உள்ள செர்மெக் குயால்லெக் என்னும் பனியாறு நாளொன்றுக்கு 40 மீட்டர் வரை நகர்ந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 35 கன கிலோமீட்டர் பனியை ஃபியோர்டுக்குள் தள்ளுகிறது. இவ்வளவு பனியும் நேராகக் கடலுக்குப் போய்விடுவதில்லை. ஃபியோர்டின் வாயில் பழைய பனியாறு விட்டுச்சென்ற கல்மண் மேடு ஒன்று நீருக்கடியில் இருப்பதால், ஆழமாக மூழ்கி வரும் பெரிய பனிப்பாறைகள் அதில் தரைதட்டி, உடைந்து சிறுக்கும்வரையோ பின்னால் வருபவை முட்டித் தள்ளும்வரையோ அங்கேயே நிற்கின்றன. எந்த வாரம் வந்தாலும் பனிப்பாறைகள் கண்ணுக்குத் தப்பாமல் இருப்பதற்கு இதுவே காரணம். அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை. (டைட்டானிக்கை மூழ்கடித்த பாறையும் இங்கிருந்துதான் போனது என்று வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள், வாய்ப்புண்டு, நிரூபிக்க வழியில்லை.)

படகுத்துறையிலிருந்து ஊரைக் கடந்து, 2021இல் திறக்கப்பட்ட பனி ஃபியோர்டு மையம்வரை நடந்தே போய்விடலாம். வழியில் பாறைகளின்மேல் சங்கிலியில் கட்டப்பட்ட சறுக்குவண்டி நாய்கள் கோடை முழுவதும் வேலையின்றிப் படுத்திருக்கும். அவை செல்லப்பிராணிகள் அல்ல, தடவப் போகக்கூடாது. மையத்திலிருந்து செர்மெர்மியுட் பள்ளத்தாக்கை நோக்கிப் போகும் மரப்பலகை நடைபாதை, நான்காயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு பண்பாட்டு மக்கள் அடுத்தடுத்துக் குடியிருந்த நிலத்தின் வழியாகச் சென்று, பனிப்பாறைகளுக்கு எதிரே உள்ள பாறைமேட்டில் கொண்டுபோய் விடுகிறது. கீழே கடற்கரைக்கு இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கைப் பலகையைப் பொருட்படுத்த வேண்டும்: பனிப்பாறை ஒன்று புரண்டால் எழும் அலை முன்னறிவிப்பின்றிக் கரையேறும். ஜூன், ஜூலை மாதங்களில் கொசுத்தொல்லை கடுமையானது என்பதால், கையுறையை மறந்தாலும் முகவலையை மறக்கக்கூடாது.

இலுலிசாட்டின் குறை இறங்குவதில் இருக்கிறது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறுபடகுகளில்தான் கரைக்கு அனுப்புகின்றன. மிதக்கும் பனி துறைமுக வாயை அடைத்தாலோ மூடுபனி இறங்கினாலோ கரையிறக்கம் தாமதமாகும், சில வேளைகளில் முற்றிலும் ரத்தாகும்.

நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 78 பாகை வடக்கே இருக்கும் லாங்யியர்பியனில் இந்தக் கவலை குறைவு. கப்பல் துறையிலேயே கட்டப்பட, பயணி நேராகச் சாலையில் இறங்கிவிடுகிறார். 1906இல் அமெரிக்கரான ஜான் மன்ரோ லாங்யியர் நிலக்கரிக்காக நிறுவிய இவ்வூரில், வாளிகளில் கரியைச் சுமந்த கம்பிவடப் பாதையின் மரத்தூண்கள் இன்றும் மலைச்சரிவுகளில் நிற்கின்றன. 1946க்கு முந்திய மனிதத் தடயங்கள் எல்லாம் சட்டத்தால் காக்கப்படுபவை. கடைசிச் சுரங்கம் 2025இல் மூடப்பட்டுவிட்டது. கரித்தூசு வீட்டுக்குள் வராதிருக்க வாசலில் காலணியைக் கழற்றிய பழக்கம் மட்டும் சில விடுதிகளில் தொடர்கிறது. நமக்கு அது புதிதாக இராது.

ஆனால் ஊரெல்லையில் பனிக்கரடி வரைந்த எச்சரிக்கைப் பலகையோடு தனிநடை முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் போகிறவரிடம் கரடியை விரட்டும் கருவிகள் இருக்க வேண்டும், தற்காப்புக்குத் துப்பாக்கியும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆகவே எந்த மலையையோ பனியாற்றையோ பார்ப்பதென்றாலும் வழிகாட்டியோடு முன்பதிவு தேவை. பல நாடுகளின் பயிர் விதைகளைச் சேமித்து வைக்க 2008இல் திறக்கப்பட்ட உலக விதைப் பெட்டகத்துக்குள் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. வாடகை வண்டியில் போனால் மலையில் பதித்த கதவைப் பார்த்துத் திரும்பலாம், அவ்வளவுதான். பனிக்கரடியை ஊரிலேயே பார்த்துவிடலாம் என்று எண்ணி வருபவருக்கு அருங்காட்சியகத்தில் பாடம்செய்த கரடியே கிடைக்கும்.

இங்கே கப்பலின் அளவு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. 2025 ஜனவரி முதல் ஸ்வால்பார்டின் பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் நுழைய முடியாது. ஈராயிரம் பேர் வரும் கப்பலுக்கு லாங்யியர்பியனே ஏறத்தாழ முழு ஸ்வால்பார்டு. நூறு பேர் வரும் கப்பலுக்கோ அது புறப்படும் இடம் மட்டுமே. சிறிய கப்பலிலும் கரடியிடமிருந்து 300 மீட்டர், மார்ச் முதல் ஜூன் இறுதிவரை 500 மீட்டர் விலகியே நிற்க வேண்டும் என்பதால் நல்ல தொலைநோக்கி அவசியம். ஒரே பெயரில் விற்கப்படும் இவ்விரு பயணங்களையும் ஒன்றென்று எண்ணிப் பணம் கட்டுவது சரியல்ல.

நார்வேயின் மாகெரோயா தீவிலுள்ள ஹோனிங்ஸ்வோக் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. கப்பல் துறையிலேயே நிற்கும். பயணிகளில் பெரும்பாலோர் நேரே பேருந்தேறி, முக்கால் மணி நேரத்தில் ஐரோப்பாவின் வடகோடி என்று விற்கப்படும், 307 மீட்டர் உயரமுள்ள வடமுனைக் குன்றுக்குப் போய், இரும்பு உருண்டையின்கீழ் படமெடுத்துத் திரும்புவார்கள். பக்கத்திலுள்ள க்னிவ்ஷெலோடன் என்னும் நிலமுனை அதைவிட வடக்கே நீண்டிருக்கிறது என்பது அங்கே யாரும் உரக்கச் சொல்லாத செய்தி. மூடுபனி நாளில் குன்றிலிருந்து எதுவும் தெரியாது. பகலில் வந்து மாலையில் புறப்படும் கப்பலுக்கு நள்ளிரவுச் சூரியனும் அங்கிருந்து கிட்டாது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரையே எரித்தபோது தப்பிய ஒரே கட்டடமான தேவாலயத்தைப் பார்ப்பதும், அதே தீவிலுள்ள யெஸ்வேர் என்னும் மீனவ ஊருக்குச் சென்று படகில் பஃபின் பறவைகளைக் காண்பதும் என் கணக்கில் கூடுதல் பயனுள்ளவை.

ஆகவே பெரிய கப்பலில் போகிறவருக்கு, கரையிறக்கம் ரத்தாகும் அபாயத்தையும் சேர்த்தே, இலுலிசாட்டைத்தான் சொல்வேன். சிறிய கப்பலுக்குச் செலவழிக்க முடிந்தவர் ஸ்வால்பார்டுக்குப் போகலாம். நடக்க இயலாத முதியவர்களோடு போகும் குடும்பத்துக்கு ஹோனிங்ஸ்வோக் வசதியானது.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் விசாவையும் இத்தோடு ஒப்பிட வேண்டும். ஹோனிங்ஸ்வோக்குக்கு பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான, வழக்கமான ஷெங்கன் விசா போதும். ஸ்வால்பார்டுக்கு விசாவே தேவையில்லை என்றாலும் அது ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருப்பதால், நார்வே வழியாகப் போய்த் திரும்ப இருமுறை நுழையும் விசா வேண்டும். கிரீன்லாந்தும் ஷெங்கனில் சேராது. அங்கே செல்லும் என்று தனியாகக் குறிப்பிட்ட டென்மார்க் விசாவைப் பெற வேண்டும் என்பதால், முன்பணம் கட்டுமுன் இதைக் கப்பல் நிறுவனத்திடமும் விசா மையத்திடமும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.