ஆம்ப்பைப் பார்த்துப் பெடல் வாங்குங்கள்: பூஸ்ட், ஓவர்டிரைவ் பயன்பாட்டு அனுபவம்

எலக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் ஓவர்டிரைவ் பெடலில், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கக் காலால் மிதிக்கும் சிறு பெட்டியில், வந்து நிற்கும். உள்ளே எந்தச் சிப், எந்த டையோடு, பழைய பதிப்பா புதிய பதிப்பா என்று நேரம் போவதே தெரியாது. அந்தப் பெடலை எந்த ஆம்ப்பில் (கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில்) செருகப்போகிறீர்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. வீட்டிலும் ஒத்திகை அறையிலும் தேவாலய இசைக்குழுவிலும் ஆண்டுக்கணக்கில் வாசித்த பிறகு நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

என்னிடம் இருப்பவை இவை. சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் ஒற்றைச் சுருள்) கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிதார் ஒன்று, ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் கொண்டது ஒன்று. ஆம்ப்பில் ஒன்று ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர்: 15 வாட், இரண்டு ஈ.எல்.84 வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்), 12 அங்குல ஸ்பீக்கர். இன்னொன்று வால்வு இல்லாத பாஸ் கட்டானா 50. அடுக்குமாடி வீட்டில் இருப்பவனுக்கு அதன் அரை வாட் நிலைதான் இரவு நேரத் துணை. பெடல்களில் நிலைத்தவை மூன்று: எக்ஸாட்டிக் ஈ.பி. பூஸ்டர் என்ற பூஸ்ட் பெடலும், இபனெஸ் டி.எஸ்.9, பாஸ் பி.டி.-2 என்ற ஓவர்டிரைவ் பெடல்களும். வந்து போனவை சில.

பூஸ்ட் என்பது எளிய சங்கதி. கிதாரிலிருந்து வரும் சமிக்ஞையை அப்படியே பெரிதாக்கி அடுத்த கருவிக்கு அனுப்பும், அவ்வளவுதான். ஓவர்டிரைவ் அதோடு நிற்காமல் அலையின் உச்சிகளைத் தானே வெட்டிவிடுகிறது. அதற்குப் பெயர் கிளிப்பிங். ஊர்த் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியை முழுதாகத் திருகிவிட்டால் பாட்டு கரகரப்பது இதே காரியம்தான். கிதார்க்காரர்கள் அந்தக் கரகரப்பை அளவோடு, விரும்பிய இடத்தில் வரவழைக்கிறார்கள்.

ஆம்ப் ஏன் முக்கியம் என்பது பூஸ்ட் பெடலில்தான் பளிச்சென்று தெரியும். ஈ.பி. பூஸ்டர் 20 டெசிபல் வரை ஏற்றும். மின்னழுத்தக் கணக்கில் அது 10 மடங்கு. ப்ளூஸ் ஜூனியரின் வால்யூமை, பலமாக மீட்டினால் மட்டும் லேசாகக் கரகரக்கும் இடத்தில் வைத்து இந்தப் பெடலை மிதித்தால் சத்தம் கூடுவது கொஞ்சம், கரகரப்பு கூடுவது அதிகம். வால்வுகள் ஏற்கெனவே தங்கள் எல்லையைத் தொட்டுவிட்டன. மேலே தள்ளுவதெல்லாம் ஒலிச்சிதைவாக மாறுகிறது. அதே பெடலைக் கட்டானாவின் கிளீன் (சிதைவில்லாத) சேனலில் செருகினால் பெரும்பாலும் சத்தம்தான் கூடும். “இந்தப் பூஸ்டர் ஒன்றும் செய்யவில்லை” என்று விற்பனைக்குப் போடுபவர்களில் பலர் இப்படிப்பட்ட ஆம்ப்பில் சோதித்தவர்களாகத்தான் இருப்பார்கள். 1968-ல் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் வெளியிட்ட எல்.பி.பி.-1 ஒரே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரே ஒரு குமிழும் கொண்ட பெட்டி. அது அத்தனை பேரை மயக்கியதற்குக் காரணம், அக்காலத்து மேடைகளில் அதன் பின்னால் வால்வு ஆம்ப்கள் நின்றதுதான்.

இன்னொரு சிக்கலை அனுபவத்தில்தான் கற்றேன். சோலோ நேரத்தில் சத்தம் மட்டும் கூட வேண்டும் என்று பூஸ்ட் வாங்குபவர்கள் அதிகம். ஆம்ப் ஏற்கெனவே கரகரத்துக்கொண்டிருந்தால் அதன் முன்னால் வைத்த பூஸ்ட் சத்தத்தைப் பெரிதாகக் கூட்டாது. அப்படிக் கூட்ட வேண்டுமானால் பெடலை ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (கரகரப்பு உண்டாகும் பகுதிக்குப் பின்னால் பெடல் செருகும் இணைப்பு) வைக்க வேண்டும். ப்ளூஸ் ஜூனியரில் லூப்பே கிடையாது. ஆகவே கரகரப்பை ஆம்ப்பிடம் கேட்காமல் பெடலிடம் வாங்கி, ஆம்ப்பைத் தெளிவாக வைத்து, பூஸ்ட்டை ஓவர்டிரைவுக்குப் பின்னால் மாட்டினேன். முன்னால் மாட்டினால் கரகரப்பு கூடும், பின்னால் மாட்டினால் சத்தம் கூடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இந்த வரிசைதான்.

ஈ.பி. பூஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எக்கோபிளக்ஸ் ஈ.பி.-3 என்ற பழைய டேப் எதிரொலிக் கருவியின் முன்பெருக்கியைப் பின்பற்றியது அது. எதிரொலியே வேண்டாம் என்று வைத்துக்கொண்டு அந்த முன்பெருக்கியின் நிறத்துக்காகவே பழைய கருவியைச் சுமந்தவர்கள் இருந்தார்கள். குமிழைக் குறைவாக வைத்தாலும் ஒலியில் ஒரு பளபளப்பும் அடியில் ஒரு கனமும் சேர்கிறது. உள்ளே உள்ள சிறு சுவிட்சுகளால் குணத்தை மாற்றலாம். 18 வோல்ட் கொடுத்தால் இன்னும் விரிவாக, சிதையாமல் ஒலிக்கும். சிங்கிள் காயில் கிதாரோடு இதை நான் அணைப்பதே இல்லை. ஹம்பக்கரோடு மட்டும் கொஞ்சம் திணறலாக இருக்கும், அப்போது விலக்கிவிடுவேன்.

இனி டி.எஸ்.9. இபனெஸின் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் குடும்பத்தின் டி.எஸ்.808 வந்தது 1979-ல், டி.எஸ்.9 வந்தது 1982-ல். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் புராணமே பாடலாம். சுற்று வரைபடத்தில் பார்த்தால், வெளியீட்டுப் பகுதியில் இரண்டு ரெசிஸ்டர்களின் மதிப்பு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். காதை நம்பி வாங்குங்கள், மாடல் எண்ணை நம்பி வேண்டாம்.

இந்தப் பெடலின் உயிர் அதன் நடு அலைவரிசையில் இருக்கிறது. கிளிப்பிங் நடக்கும் பகுதி சுமார் 720 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை முழுதாகப் பெருக்கும். அதற்குக் கீழே பெருக்கம் குறைந்துகொண்டே வரும். கிதாரின் தடித்த ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். அதாவது அடிக்கம்பிகளின் கனம் சிதைவுக்குள் அதிகம் போவதில்லை. அதனால்தான் ஒலி குழம்பாமல் நிற்கிறது. இன்னொன்று: கரகரப்பின் அளவைக் கூட்டும் டிரைவ் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் உள்ளே ஏறத்தாழ 12 மடங்கு பெருக்கம் நடக்கிறது, முழுதாகத் திருப்பினால் 118 மடங்கு வரை போகும். டி.எஸ்.9-ஐச் சுத்தமான பூஸ்ட் ஆக்கப் பார்ப்பவர்களுக்கு எங்கோ ஒரு மூலையில் கரகரப்பு ஒட்டிக்கொண்டே வருவது இதனால்தான். அதே சமயம், வெட்டுப்பட்ட அலையோடு வெட்டுப்படாத மூல ஒலியும் சேர்ந்தே வெளியே வருவதால் விரலின் அழுத்தம் காணாமல் போவதில்லை.

ஃபெண்டர் ஆம்ப்களின் டோன் பகுதி இயல்பிலேயே நடு அலைவரிசையைக் குழிவாக்கும். டியூப் ஸ்க்ரீமர் அந்தக் குழியை நிரப்புகிறது. ப்ளூஸ் கிதார்க்கலைஞர் ஸ்டீவி ரே வானின் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் ஃபெண்டர் ஆம்ப்பும் டியூப் ஸ்க்ரீமரும் ஒன்றுக்கொன்று பொருந்தியதில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஒத்திகை அறையில் இருக்கும் மார்ஷல் ஆம்ப்பில் ஹம்பக்கரோடு இதையே டிரைவ் கூட்டி வாசித்தால், மூக்கடைத்தவன் பேச்சாகிவிடுகிறது. ஏற்கெனவே நடுப்பகுதி நிறைந்த ஒலி அது. அங்கே நான் டிரைவை அடியோடு குறைத்து, சத்தத்துக்கான லெவல் குமிழைக் கடிகார முள்ளின் 3 மணி நிலை வரை ஏற்றிவிடுவேன். மெட்டல் வாசிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது இதுதான்: சிதைவு ஆம்ப்பினுடையது, பேஸை இறுக்கிக் கொடுப்பது மட்டும் பெடலின் வேலை.

தேவாலயக் குழுவில் டி.எஸ்.9 எனக்குச் செய்த உதவிக்கு ஈடில்லை. கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் இரண்டு கையாலும் அடி முதல் நுனி வரை நிரப்பிக்கொண்டிருப்பார். சோலோ கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டினால் பாடகர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். டிரைவ் 9 மணி, லெவல் 1 மணி என்று வைத்து மிதித்தால், சத்தம் பெரிதாகக் கூடாமலே கிதார் முன்னால் வந்துவிடும். நடு அலைவரிசையில் கொஞ்சம் இடம் பிடித்தாலே போதும்.

பி.டி.-2 வேறு வார்ப்பு. 1995-ல் வந்தது, சிதைவை உண்டாக்கும் பகுதியைத் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் கட்டியிருக்கிறார்கள். நடுப்பகுதியைத் தூக்காமல் கிதாரின் முழு ஒலியையும் விரித்துக் காட்டும். கட்டானாவின் கிளீன் சேனலில் இது தனியாகவே ஒரு வால்வு ஆம்ப் போல நடந்துகொள்வதால் வீட்டில் நான் மிதிக்கும் பெடல் பெரும்பாலும் இதுதான். கெயினை (கரகரப்பின் அளவு) 10 மணிக்கு வைத்தால் மெல்ல மீட்டும்போது தெளிவு, அழுத்தி மீட்டும்போது கரகரப்பு. கிதாரின் வால்யூமைக் குறைத்தால் அழகாகத் தெளிந்துவிடும், டி.எஸ்.9 இவ்வளவு இணங்கி வராது. கெயின் 2 மணியைத் தாண்டினால் ஓவர்டிரைவ் என்பதைவிட ஃபஸ் (இன்னும் முரட்டுச் சிதைவு) என்று சொல்லத் தோன்றும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு ஆகாது. டோனையும் 11 மணிக்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

இப்போது என் வரிசை இது: முதலில் டி.எஸ்.9, அடுத்து பி.டி.-2, கடைசியில் ஈ.பி. பூஸ்டர். இரண்டு ஓவர்டிரைவையும் சேர்த்து மிதிக்கும்போது இரண்டின் கெயினும் தாழ்வாகவே இருக்க வேண்டும். அப்போது ஒன்றின் குறையை மற்றது மூடும்.

பாஸ் எஸ்.டி.-1 ஓவர்டிரைவ் பற்றிச் சுருக்கமாக. 1981-லிருந்து விற்பனையில் இருக்கும் மலிவான மஞ்சள் பெட்டி. டியூப் ஸ்க்ரீமரின் நெருங்கிய உறவு. அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் ஒரே அளவில் வெட்டாமல் ஏற்றத்தாழ்வோடு வெட்டும். டி.எஸ்.9 கைக்கு வந்த பிறகு இதை மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன். கையில் பணம் குறைவென்றால் தயங்காமல் இதை வாங்கலாம்.

கிளான் சென்டார் என்ற ஓவர்டிரைவ் வகையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். பில் ஃபினிகன் 1994-ல் விற்கத் தொடங்கிய அந்தப் பெடல் இன்று பழைய பொருள் சந்தையில் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. பிறகு அவரே வெளியிட்ட கே.டி.ஆர். பெடலின் மேல், இந்த அபத்தமான ஆரவாரம் என் வேலை அல்ல என்ற பொருளில் ஒரு வாசகத்தை அச்சிட்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது அதனால்தான். நான் வைத்திருந்தது அதன் வழிவந்த எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் சோல் ஃபுட். ஒரே கெயின் குமிழ் தெளிந்த ஒலியையும் சிதைந்த ஒலியையும் கலக்கும் விகிதத்தை மாற்றுகிறது. கரகரக்கத் தொடங்கிய ப்ளூஸ் ஜூனியரின் முன்னால், கெயினைக் குறைத்து வால்யூமைக் கூட்டினால் அருமை. கட்டானாவில் ஓவர்டிரைவாக வைத்தால் சாதாரணம். பெரும்பாலும் வீட்டில் வாசிப்பவனிடம் அதற்கு வேலை குறைவு, விற்றுவிட்டேன்.

வாங்கும்போது கவனிக்க ஒன்று. இரண்டு பெடலை ஒப்பிடும்போது சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லும். குறைந்த சத்தத்தில் பேஸும் டிரெபிளும் குறைவாகக் கேட்கும் என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே பெடல் அணைந்திருக்கும்போதும் இயங்கும்போதும் ஒரே சத்தம் வரும்படி லெவலைச் சரிசெய்துவிட்டு ஒப்பிடுங்கள். வீட்டில் இரவில் அமைத்த டோனை மேடையில் அப்படியே நம்பவும் வேண்டாம். உரத்து வாசிக்கும்போது டிரெபிள் காதைக் குத்தும்.

நம் ஊர் மேடைகளில் ஆம்ப்பே இல்லாமல் கிதாரை நேரே மிக்சரில் செருகச் சொல்வது வழக்கம். ஓவர்டிரைவை அப்படிச் செருகினால் கொசு ரீங்கரிப்பதுதான் கேட்கும். கிதார் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளவற்றைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்; மிக்சரோடு இணைந்த ஒலிபெருக்கிகள் விழுங்காது. இடையில் ஸ்பீக்கர் சிமுலேட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். பெடல் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருந்த இரண்டு மூன்று பேருக்கு இந்த ஒரு பெட்டி நோயைத் தீர்த்துவிட்டது.

இரைச்சலும் இப்படித்தான். பூஸ்ட் கிதாரை மட்டும் பெரிதாக்குவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சார உறுமலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. எர்த் இல்லாத பிளக், டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் சிங்கிள் காயில், மின்வெட்டில் சதுர அலை இன்வர்ட்டர் என்று காரணம் பல. மலிவான அடாப்டர் ஒன்றிலிருந்து எல்லாப் பெடலுக்கும் சங்கிலியாக மின்சாரம் கொடுத்த காலத்தில் என் பலகை உறுமிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரிந்த வெளியீடு கொண்ட பவர் சப்ளை வாங்கியதும் பாதி உறுமல் போய்விட்டது. அந்தப் பணத்தில் இன்னொரு ஓவர்டிரைவ் வாங்கியிருக்கலாம்தான். பவர் சப்ளை வாங்கியதே நல்லது.

கடைசியாக, ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் செய்த டிரெபிள் பூஸ்டர் ஒன்றும் கொஞ்ச காலம் இருந்தது. 1960-களின் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டரைப் பார்த்துச் செய்தது. பிரையன் மே, ரோரி கலகர் போன்ற கிதார்க்கலைஞர்கள் வாக்ஸ் ஏ.சி.30 ஆம்ப்பைப் பாட வைத்தது இவ்வகைப் பெட்டியால்தான். ப்ளூஸ் ஜூனியரோடு எனக்குச் சற்றுக் கூர்மையாகவே பட்டது. தவிர, ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடு ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடி ஒலி மாறும். மே மாதச் சென்னையில் திறந்தவெளி மேடை என்றால் கேட்கவே வேண்டாம். பழைய வடிவமைப்பில் பிளஸ் முனைதான் தரை என்பதால் மற்றப் பெடல்களோடு ஒரே மின் சங்கிலியில் மாட்டினால் ஷார்ட் ஆகிவிடும். அது இப்போது வாக்ஸ் ஏ.சி.15 ஆம்ப் வைத்திருக்கும் நண்பரிடம் இருக்கிறது. பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள், வாசிக்காதபோது இன்புட் கேபிளைக் கழற்றிவிடுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். செருகியே வைத்தால் மறுநாள் பேட்டரி தீர்ந்திருக்கும்.