ஆறடி மூன்றங்குலத்துக்கு எந்தக் கயாக்?

எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஃபைபர் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "இன்னா தம்பி, குந்திக்கினு போறியா, மடிஞ்சிக்கினு போறியா?"

"ரெண்டுந்தான் நைனா" என்றேன்.

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் இருந்தது வாடகைக்கு எடுத்த 10 அடிக் கயாக், அதாவது உட்கார்ந்தபடி துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய சின்னப் படகு. முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு நேரே நின்றன. துடுப்பை ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் கைமுட்டி முழங்காலில் இடித்தது. ஒரு மணி நேரத்தில் இடது பாதம் மரத்துப்போய், கரையேறியதும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீன் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் உயரம் 6 அடி 3 அங்குலம், எடை 96 கிலோ, வீடு காலாடிப்பேட்டையில் இரண்டாவது மாடி. கயாக் விற்பவர்கள் முதல் இரண்டையும் கேட்பார்கள். மாடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைசியில் என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

"உயரமான ஆளா? அப்போ நீளமான கயாக் வாங்குங்க" என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. இது பாதி தவறு. படகின் நீளம் வேகத்தையும் நேராகப் போவதையும் தீர்மானிக்கும். காலுக்கு இடம் தருவது இருக்கையின் முதுகுக்கும் பாதத்தை ஊன்றும் கால்மிதிக்கும் நடுவில் உள்ள தூரம். 13 அடிப் படகில் அந்த இடத்தைப் பெட்டிகளும் மூடிகளும் தின்றிருக்கும். 11 அடிப் படகில் தாராளமாக விட்டிருப்பார்கள். கடைக்குப் போகும் முன் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, சுவரிலிருந்து குதிகால் வரை டேப்பால் அளந்துவிடுங்கள். எனக்கு 108 செ.மீ. வந்தது. முதுகு மெத்தைக்கும் ரப்பர் செருப்புக்கும் சேர்த்து இன்னொரு 7 செ.மீ. ஆக, 115 செ.மீ. இல்லாத கயாக் எனக்குக் கயாக்கே இல்லை.

உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகையை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். மேல்தட்டுக்குக் கீழே பெரிய பாதம் நிமிர்ந்து நிற்காது, முழங்காலை மடக்கி நீட்ட முடியாது, கவிழ்ந்தால் நீளக் காலை வெளியே இழுப்பதற்குள் உயிர் போய் வரும். தூண்டில் போடுபவருக்கு, அதுவும் உயரமானவருக்கு, வேண்டாம்.

மிச்சம் இருப்பது மேலே உட்காரும் வகை. 1970களில் கலிஃபோர்னியாவில் இது பரவிய கதையைக் காசிமேட்டில் சொன்னால் சிரிப்பார்கள். உள்ளே தண்ணீர் தேங்க இடமில்லாமல், அடித்த அலை இடுக்கு வழியே வடிந்துபோகும் மிதவையின் மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பதைக் கட்டுமரம் எத்தனை தலைமுறையாகச் செய்தது! கயாக்கில் இடுக்குக்குப் பதில் வடிதுளைகள், அவ்வளவுதான். ஆனால் கட்டுமரத்தில் முட்டி போட்டுத் துடுப்பு வலிப்பார்கள், இடுப்பும் முதுகும் நேராக இருக்கும். கயாக்கில் காலை நீட்டி உட்காரச் சொல்கிறார்கள். உயரமானவனுக்குச் சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

மேலே உட்காரும் கயாக்கிலும் இரண்டு கட்சி உண்டு: தாழ்ந்த இருக்கை, உயர்ந்த இருக்கை.

தாழ்ந்த இருக்கைக்குப் பெயர்போன எடுத்துக்காட்டு வில்டர்னஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் டார்பன் 120. நீளம் 12 அடி 3 அங்குலம், தாங்கும் எடை 170 கிலோ. இருக்கை தட்டோடு ஒட்டியே இருக்கும், கால்மிதி தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். இந்த மாதிரிப் படகுகள் காற்றுக்கு அசைந்து கொடுக்காது, துடுப்புக்கு ஏற்றபடி வழுக்கிக்கொண்டு போகும். பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று எழும்பும்போது எதிர்த்து வலித்துக் கரை சேர இதுபோல் சுகம் கிடையாது. ஆனால் தொடை நீளமாக இருப்பவருக்குப் பிட்டமும் குதிகாலும் ஒரே மட்டத்தில் இருந்தால் தொடையின் பின்தசை இழுக்கும், அது இடுப்பைப் பின்னால் சாய்க்கும், முதுகு வளைந்து கூன் போடும். முதல் அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது மணியில் மீனைப் பற்றி நினைக்காமல் முதுகைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

உயர்ந்த இருக்கை என்பது அலுமினியச் சட்டத்தில் வலைத்துணி இழுத்துக் கட்டிய நாற்காலி. பீச் நாற்காலியைத் தூக்கிப் படகில் வைத்த மாதிரி இருக்கும். தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்திலோ அதற்கும் மேலோ உட்காருகிறோம். இடுப்பு முழங்காலுக்கு மேலே வந்துவிடுகிறது, கால் இயல்பாக மடிகிறது, காற்றோட்டத்தால் பின்பக்கம் நனைந்து ஊறுவதும் இல்லை. முதல் தடவை இப்படி ஒன்றில் உட்கார்ந்தபோது நான்கு மணி நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

சரி, கோளாறு என்ன? உயரமானவனின் எடை ஏற்கெனவே மேலே இருக்கிறது. அவனை இன்னும் ஒரு சாண் தூக்கினால் படகு தளும்பும். 30 அங்குல அகலப் படகில் உயர்ந்த இருக்கை போட்டால் சைக்கிள் கேரியரில் நின்றுகொண்டு போவது மாதிரிதான். 33, 34 அங்குலமாவது வேண்டும். அகலம் கூடினால் வேகம் குறையும். முகத்துவாரத்தில் வற்றும் தண்ணீர் வெளியே இழுக்க, கடல் அலை உள்ளே தள்ள, குறுக்கலை பக்கவாட்டில் அடிக்கும்போது அந்த ஒரு சாண் உயரம் வயிற்றைக் கலக்கும். அதனால் இரண்டு உயரத்தில் மாட்டக்கூடிய இருக்கை உள்ள படகைத்தான் தேட வேண்டும். கழிமுகத்தின் அமைதியான உள்பகுதியில் மேலே, கடலோரத்தில் கீழே. விலை கொஞ்சம் கூடினாலும் உயரமானவர் காசைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான் என்பது என் கட்சி.

துடுப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கயாக்கோடு இலவசமாகத் தருவது பெரும்பாலும் 220 அல்லது 230 செ.மீ. உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்து, 34 அங்குல அகலத்தைத் தாண்டி அந்தத் துடுப்பு தண்ணீரைத் தொடுவதற்குள் விரல் முட்டிகள் விளிம்பில் உரசித் தோல் போய்விடும். 250 செ.மீ. வேண்டும், கை நீளத்தைப் பொறுத்து 260கூட.

எடைக் கணக்கு. 'தாங்கும் எடை' என்று எழுதியிருப்பது மூழ்காமல் மிதப்பதற்கான அளவு, நிம்மதியாக மீன் பிடிப்பதற்கானது அல்ல. நான் மூன்றில் இரண்டு பங்கைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வேன். என் 96 கிலோ, ஐஸ் பெட்டி, நங்கூரம், தண்ணீர், தூண்டில் ராடுகள், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 116 கிலோ. டார்பனின் 170இல் மூன்றில் இரண்டு பங்கு 113. மூன்று கிலோ இடிக்கிறது. என் மச்சான் மாதிரி 65 கிலோ ஆளுக்கு அதே படகு தெப்பம்.

இன்னொரு விஷயம் கடையில் தெரியாது, தண்ணீரில்தான் தெரியும். காலுக்கு இடம் போதவில்லை என்று இருக்கையைப் பின்னால் தள்ளுவோம் இல்லையா? அப்போது படகின் பின்பக்கம் அமிழும், மூக்கு தூக்கும். ஒரு நண்பரின் கயாக்கில் நான் இப்படித் தள்ளி உட்கார்ந்தபோது, பின்பக்க வடிதுளைகள் வழியே தண்ணீர் வெளியே போவதற்குப் பதில் உள்ளே ஏறியது. உயிர் இறால் போட்டிருந்த டப்பா மிதந்து என் முதுகில் வந்து இடித்ததும்தான் திரும்பிப் பார்த்தேன். காற்று தூக்கிய மூக்கைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தது. ஐஸ் பெட்டியை முன்னால் மாற்றியதும் பாதி சரியானது. இருக்கை நடுவில் இருக்கும்போதே கால் நீளும் படகுதான் உயரமானவருக்கானது.

இப்போது மாடி வீட்டுக்காரரின் ஆசை: காற்றடைக்கும் கயாக். இண்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 312 செ.மீ., அதே நிறுவனத்தின் எக்ஸ்கர்ஷன் ப்ரோ 384 செ.மீ.; இரண்டுமே இருவர் படகு, 180 கிலோ தாங்கும் என்கிறார்கள். டெகாத்லான் கடையிலும் உண்டு. பையில் சுருட்டித் தோளில் போட்டு மாடியேறிவிடலாம். 12 அடிப் பிளாஸ்டிக் கயாக்கை எங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் எப்படித் திருப்பினாலும் நுழையாது, அளந்து பார்த்துவிட்டேன். ஒரு இருக்கையைக் கழற்றிவிட்டால் எனக்குக் காலை முழுசாக நீட்டவும் இடம் இருக்கிறது. நீளத்தைப் பொறுத்தவரை காற்றுப்படகுதான் எல்லோரையும் விடத் தாராளம்.

ஆனால் உதைக்க ஏதுமில்லை. காற்றடைத்த தரையில் குதிகால் புதையும், முதுகுப்பட்டை துவளும். கொடுவா கடித்துத் துள்ளும்போது காலை ஊன்ற இடமில்லாமல் முழு உடம்பும் முன்னால் சரியும். மீனோடு மல்லுக்கட்டுவதில் பாதி காலால்தான். திருவொற்றியூர்க் கரையோரத்தில் அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களிலும் கழிமுகக் கட்டைகளிலும் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி. கெளுத்தி முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே மாத வெயிலில் காற்றைக் கொஞ்சம் இறக்காமல் கரையில் விட்டால் விரிந்து தையல் விட்டுவிடும். மாதம் ஒரு முறை, அமைதியான தண்ணீரில், இரண்டு மணி நேரம் என்றால் தாராளமாக வாங்கலாம். வாராவாரம் போகிறவர் ஒரு வருடத்தில் ஒட்டுப்போடும் நிபுணர் ஆகிவிடுவார்.

பெடல் கயாக்கை எல்லோரும் கனவாக வைத்திருக்கிறார்கள், நானும்தான். ஹோபி நிறுவனம் 1997இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவில் காலை மாற்றி மாற்றி முன்னால் தள்ள வேண்டும், அடியில் இரண்டு துடுப்புச் செதில்கள் பென்குயின் மாதிரி அடிக்கும். முழங்கால் மேலே எழும்பாததால் நீளக்காலருக்கு இதுதான் ஒத்துவரும். சைக்கிள் மாதிரி சுற்றும் புரொப்பல்லர் வகையில் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும். நடுவில் ராடைக் குறுக்கே வைத்திருந்தால் இடிக்கும். ஹோபியின் ப்ரோ ஆங்லர் 14 நீளம் 13 அடி 8 அங்குலம், அகலம் 38 அங்குலம், தாங்குவது 272 கிலோ. எழுந்து நின்று ராடு வீசலாம். அவுட்பேக் அதைவிடச் சிறியது: 12 அடி 9 அங்குலம், 34 அங்குலம், 193 கிலோ. என் மூன்றில் இரண்டு பங்குக் கணக்கில் இரண்டுமே தேறிவிடுகின்றன.

அப்புறம் ஏன் வாங்கவில்லை? விலை முதல் காரணம். ப்ரோ ஆங்லர் அமெரிக்காவிலேயே பல ஆயிரம் டாலர். எல்லாம் பூட்டினால் 60 கிலோவுக்கு மேல் வரும், தனி ஆளாகச் சேற்றில் இழுக்க முடியாது. மூன்றாவது காரணம் நம்ம ஊர்த் தண்ணீர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து மேடாகிப்போன பகுதிகளில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். மழைக்குப் பிறகு பக்கிங்காம் கால்வாயில் ஆகாயத்தாமரை. பழவேற்காடு ஏரியோ ஆழமில்லாதது. அங்கே மீனவர்கள் பாடு முறைப்படி முறைவைத்து வலை போடும் இடங்கள் உண்டு. அந்த வலையில் உங்கள் பெடல் செதில் மாட்டினால் அறுபடுவது ஒருவருடைய அன்றைய சாப்பாடு. துடுப்பு என்றால் வலைக்கு மேலே அப்படியே மிதந்து போய்விடலாம். ஆழமான நீர்த்தேக்கத்துக்குப் போகிறவராக இருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

யாரும் கவனிக்காத ஒரு போட்டியாளரும் உண்டு: இருவர் கயாக்கில் தனியாகப் போவது. ஓஷன் கயாக்கின் மாலிபு டூ போன்றவற்றில் (12 அடி, 34 அங்குலம்) நடுவிலும் ஒரு இருக்கை இடம் இருக்கும். கால் இடத்துக்குக் குறைவில்லை, படகும் சமநிலையில் நிற்கும். குறை என்னவென்றால் இவற்றில் மிதி நகராது, வார்ப்பிலேயே அமைந்த படிகள்தான். என் கால் இரண்டு படிகளுக்கு நடுவில் போய் நின்றது. உங்களுக்குப் படியில் சரியாகப் போய் உட்கார்ந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பழைய படகு மலிவாகக் கிடைத்தால் யோசிக்காதீர்கள்.

நான் எடுத்தது 12 அடி நீளம், 34 அங்குல அகலம், இரண்டு உயர இருக்கை, தண்டவாள மிதி. சாதாரண துடுப்புக் கயாக். கடையில் தரையில் வைத்தே அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கடைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார். மிதியைக் கடைசிப் பல்லுக்குத் தள்ளிய பிறகும் முழங்கால் லேசாக மடிந்திருந்ததைப் பார்த்துத்தான் காசை எடுத்தேன்.

வீட்டில் வைக்க வழியில்லை என்பதால் எர்ணாவூரில் மச்சான் வீட்டுத் தகரக் கொட்டகையில் தொங்குகிறது. அங்கிருந்து தண்ணீருக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டிதான். 12 அடிக் கயாக் ஆல்டோ காரையே விட நீளம், குட்டி யானையில் போட்டாலும் பாதி வெளியே நீட்டும். மீன்பாடி வண்டிக்காரர் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கயிற்றை எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

வாடகைக்குப் பதிலாக மச்சானும் படகை எடுத்துப் போகிறான். அவன் ஐந்தடி நாலு. சனிக்கிழமை அவன் போயிருந்தால், ஞாயிறு காலை டார்ச் வெளிச்சத்தில் மிதியைப் பல் பல்லாகப் பதினோரு முறை முன்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் நான் கிளம்ப முடிகிறது.