ஃபிளாட் ஃபுட் சிலிக்கோன் பட்டை: ஆர்மி மெடிக்கலுக்கு உதவுமா?

ஆர்மி செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகும், ஃபிளாட் ஃபுட் (உள்வளைவு இல்லாத தட்டைப் பாதம்) உள்ள பையன்களைக் குறிவைத்து இணையக் கடைகளில் விற்கிறார்கள் இந்தப் பட்டையை. நடுப்பாதத்தில் மாட்டும் எலாஸ்டிக் உறை, உள்ளே ஒரு ஜெல் திண்டு. ஒரு மாதம் போட்டால் பாதத்தில் வளைவு வந்துவிடும் என்கிறது விளம்பரம். வராது. திண்டு பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். கழற்றினால் பழைய கால். மெடிக்கலில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். மதிப்பெண் 5க்கு 1.

இதை வாங்குபவர்களில் பலருக்கு இது தேவையே இல்லை என்பதுதான் வேதனை. இந்திய ராணுவ மருத்துவ விதி பார்ப்பது பாதத்தின் அசைவை. குதிகாலைத் தூக்கி முன்னங்காலில் நின்றால் வளைவு திரும்பத் தெரிய வேண்டும்; முன்னங்காலிலேயே குதிக்கவும் ஓடவும் முடிய வேண்டும்; பாதம் வலியில்லாமல் நெகிழ வேண்டும். இவை சரியாக இருந்தால் தட்டைப் பாதம் தடை இல்லை. விறைத்த பாதம் எந்த வடிவில் இருந்தாலும் நிராகரிப்புதான். குதிகால் வெளிப்பக்கம் சாய்வது, முன்னங்காலில் நிற்கத் தடுமாறுவது, பாதத்தின் உட்பக்கம் எலும்பு துருத்துவது ஆகியவையும் அன்ஃபிட்.

வீட்டிலேயே பார்க்கலாம். சுவரில் விரல் நுனியை மட்டும் வைத்து முன்னங்காலில் எழும்புங்கள். பின்னாலிருந்து ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். குதிகால் உள்பக்கம் திரும்பி, வளைவு எழுந்தால் நெகிழும் பாதம். ஈரக்கால் தடம் வடிவத்தை மட்டுமே காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எழும்பியும் தட்டையாகவே இருந்து, வலியும் இருந்தால் பாத எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருக்கலாம். அப்போது எலும்பியல் மருத்துவரிடம் போய், நின்றபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பட்டையில் காலம் கழிக்கக் கூடாது.

ஓடும்போது உள்பாதம் வலிப்பவர்களுக்கும் இந்தப் பட்டை சரிவராது. ஜெல் மிருதுவாக இருப்பதால் உடல் எடையில் அமுங்கிவிடும். வியர்வையில் உறை முன்னால் நகரும். இறுக்கமான அளவு வாங்கினால் விரல் மரத்துப்போகும். அதைவிட முக்கால் நீளமுள்ள கெட்டியான ஈவிஏ (ஒருவகை நுரைப் பொருள்) இன்சோல், அதாவது ஷூவுக்குள் போடும் திண்டு, மேல்; 5க்கு 3 தரலாம். அதன் மேடு நடுப்பாதத்தில், சற்றே குதிகால் பக்கம் உட்கார வேண்டும். ஷூ இறுகினால் அதோடு வந்த இன்சோலைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டுங்கள்.

செலவில்லாத பயிற்சியும் உண்டு. குதிகால் தூக்குதல் 15 வீதம் மூன்று முறை. முழங்காலை மடக்காமல் கெண்டைக்கால் நீட்டல் 30 நொடி, மூன்று முறை. பாதம் வலுப்படும், ஆனால் வடிவம் மாறாது.

தட்டைப் பாதத்தையே நினைத்துக்கொண்டு மற்றதைக் கோட்டை விடாதீர்கள். கால் பெருவிரல் மற்ற விரல்கள் பக்கம் சாய்வது 20 பாகைக்குக் (டிகிரி) கீழே, வலியும் கால் ஆணியும் புடைப்பும் இல்லாமல் இருந்தால் ஏற்பார்கள். நிமிர்த்தினால் நிமிரும் ஒற்றை வளைந்த விரலையும் ஏற்கலாம். விறைத்த விரலையும், விரல் இல்லாததையும் ஏற்பதில்லை.

முகாமில் அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கலாம். தாளில் குறித்த நாளுக்குள் நேரில் போய்விடுங்கள், பட்டை இல்லாமல்.