அடிபட்ட நட்சத்திரத்தை அமெரிக்கா வாங்கினால்: ஜெரார்டா, ஸ்லாட்டனா, பேலா?

ஐரோப்பாவில் எல்லாக் கோப்பையையும் பார்த்துவிட்டு, முப்பத்தைந்தைத் தொட்டு, முழங்காலில் ஆபரேஷன் தழும்போடு நிற்கும் ஒருவரை, அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் கால்பந்து லீக்கான எம்எல்எஸ்ஸின் கிளப் ஒன்று எடுக்கலாமா? ‘ரிட்டயர்மென்ட் லீக்’ என்று சிரிப்பவர்கள் ஒரு பக்கம். மெஸ்ஸியைக் காட்டி வாயை அடைப்பவர்கள் மறுபக்கம். இரண்டு தரப்பும் வயதையே பிடித்துத் தொங்குகிறது. நான் வயதைக் கடைசியில்தான் பார்ப்பேன். எந்த இடத்தில் ஆடுகிறார், அணியின் கணக்கில் எந்தக் கட்டத்தில் உட்காருகிறார் என்பதுதான் முதலில்.

அந்தக் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. எம்எல்எஸ்ஸில் அணிச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2007இல் இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு வந்தபோது அதில் ஒரு ஓட்டை போட்டார்கள்: டெசிக்னேட்டட் பிளேயர், சுருக்கமாக டிபி. இன்று ஒரு அணி மூன்று டிபிக்கள் வரை வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் குறிப்பிட்ட தொகை மட்டுமே உச்சவரம்பில் சேரும். ஆக, ஆறு மில்லியன் டாலர் கொடுப்பது முதலாளிக்குத்தான் வலி. கோச்சுக்கு வலிப்பது, மூன்று டிபி நாற்காலியில் ஒன்று காலியாகக் கிடக்கும்போது. பெக்காமே முதல் சீசனில் கணுக்கால், பிறகு முழங்கால் என்று அடிபட்டு ஐந்தே லீக் ஆட்டம் ஆடினார். 2011, 2012 கோப்பைகள் வந்த பிறகுதான் அந்த முதல் வருடத்தை மறந்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நியூயார்க் சிட்டி அணியைவிட நல்ல இடம் கிடையாது. 2015இல் ஒரே அணியில், யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தில் திணித்த அதே குறுகலான ஆடுகளத்தில் மூன்று கிழச் சிங்கங்கள்: கோல் அடிப்பதே வேலையான ஸ்பெயின் ஸ்ட்ரைக்கர் டாவிட் வீயா, 33 வயது; இத்தாலியின் நடுக்கள ஆட்டக்காரர் பிர்லோ, 36; இங்கிலாந்தின் நடுக்கள ஆட்டக்காரர் லாம்பார்ட், 37. இவர்களில் பழைய காயம் பெரியது வீயாவுடையது. 2011 டிசம்பரில் கால் எலும்பு முறிந்து 2012 யூரோ கோப்பையையே தவறவிட்டவர். ‘காயம் என்றால் வேண்டாம்’ என்று முடிவெடுத்திருந்தால் முதலில் கழித்திருக்க வேண்டியது அவரைத்தான். அவரோ நான்கு சீசனில் 117 லீக் ஆட்டம், 77 கோல், 2016இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். பிர்லோ 60 ஆட்டம், ஒரு கோல். கோல் அடிப்பது அவர் வேலை இல்லைதான். ஆனால் பந்து பறிபோனதும் திரும்பி ஓடுவதும் தன் வேலை இல்லை என்பதுபோல ஆடினார். அதுதான் பிரச்சினை.

லாம்பார்ட் இந்த இருவருக்கும் நடுவில். கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டதால் 2015இல் ஆகஸ்டில்தான் முதல் ஆட்டம். அடுத்த வருடம் சீசன் மார்ச்சில் தொடங்கியும் மே வரை ஆளைக் காணோம். ரசிகர்கள் கரித்துக்கொட்டினார்கள். பிறகு 19 ஆட்டத்தில் 12 கோல் அடித்தார். ஜூலை 30 அன்று கொலராடோவுக்கு எதிராக அடித்த ஹாட்ரிக் அந்தக் கிளப்பின் முதல் ஹாட்ரிக். எப்படி? நடுக்களத்தில் ஓடித் திரிவதைக் குறைத்து, பெனால்டி பாக்ஸுக்குள் கடைசி நொடியில் நுழையும் தன் பழைய வித்தையை மட்டும் வைத்துக்கொண்டார். மிட்ஃபீல்டர் என்ற பெயரில் பாதி ஸ்ட்ரைக்கர்.

ஸ்ட்ரைக்கர் எண்பது நிமிடம் நடந்துகொண்டே இருக்கலாம். இரண்டு முறை சரியான இடத்தில் நின்றால் அவரைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். நடுக்களத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதுவும் எம்எல்எஸ்ஸில் பந்து கை மாறிக்கொண்டே இருக்கும். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று ஓட்டமாக ஓட வேண்டும்.

லிவர்பூலின் நடுக்கள நட்சத்திரம் ஸ்டீவன் ஜெரார்ட் மாட்டியது அங்கேதான். 2015இல் 35 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸிக்கு வந்தார். ஒன்றரை சீசனில் 34 ஆட்டம், 5 கோல். நீண்ட பயணம், செயற்கைப் புல்தரை, மலை உயரம், புழுக்கம் எல்லாம் எதிர்பார்த்ததைவிடக் கடினம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். சாக்கு என்று பலர் ஏளனம் செய்தார்கள். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. லிவர்பூலிலிருந்து லண்டனுக்கு ஆடப்போகிறவருக்கும் மயாமியிலிருந்து சியாட்டிலுக்குப் பறக்கிறவருக்கும் முட்டி ஒரே மாதிரியா வலிக்கும்?

அதே கேலக்ஸி, மூன்று வருடம் கழித்து ஸ்வீடன் ஸ்ட்ரைக்கர் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சை எடுத்தது. 36 வயது. 2017 ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்தவர். காகிதத்தில் ஜெரார்டைவிட மோசமான பேரம். ஆனால் மூன்று டிபி இடமும் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால், 2018இல் ஏறத்தாழ 15 லட்சம் டாலருக்கு, டிபி இல்லாமலே வந்தார். மார்ச் 31, எதிரே அதே ஊரின் புது அணி எல்ஏஎஃப்சி. கேலக்ஸி 0-3. எழுபது நிமிடத்துக்குப் பிறகு இறங்கினார். சற்று நேரத்தில் ஸ்கோர் 2-3 ஆனது. அப்போது தலையால் தட்டி அனுப்பப்பட்ட பந்து ஒன்று எதிர்ப்பாதியில் குதித்து எழும்புகிறது. கோல் கீப்பர் முன்னே வந்து நிற்கிறார். ஸ்லாட்டன் பந்தை நிறுத்தவில்லை. சுமார் 40 கெஜத்திலிருந்து அப்படியே ஒரு உதை. 3-3. கடைசியில் தலையால் முட்டி இன்னொன்று, 4-3. இந்திய நேரப்படி அது ஏப்ரல் முதல் தேதி அதிகாலை. காலையில் எழுந்து ஸ்கோரைப் பார்த்து ஏமாற்று வேலை என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

முதல் சீசன் 22 கோல், அடுத்தது 30. முழங்காலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எந்த டாக்டரும் தர முடியாது. ஆனால் கோப்பை? ஒன்றுகூட இல்லை. 2018இல் பிளே-ஆஃபுக்கே போகவில்லை; கடைசி நாளில் ஹூஸ்டனிடம் 2-0 முன்னிலையைத் தொலைத்துத் தோற்றார்கள். 2019இல் அவரை டிபி ஆக்க, டிபி இடத்தில் இருந்த ஜியோவானி டோஸ் சாண்டோஸின் மிச்ச ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு நாற்காலியின் உண்மையான விலை இதுதான்.

இப்போது வேல்ஸின் கேரத் பேல். ஜெரார்ட், ஸ்லாட்டன், பேல் மூவரில் காயப் பட்டியல் நீளமானது அவருடையதுதான். 2022இல் எல்ஏஎஃப்சி அவரை டிபி இடத்தைத் தொடாமல் எடுத்தது. லீக் சுற்றில் முதல் பதினொருவரில் இறங்கியது இரண்டே முறை, இரண்டு கோல். சம்பளத்தைக் கோலால் வகுத்தால் தலை சுற்றும். நவம்பர் 5, இறுதி ஆட்டம், எதிரே பிலடெல்ஃபியா. கூடுதல் நேரத்தில் எல்ஏஎஃப்சி கீப்பர் கிரெப்போ கால் முறிந்து, சிவப்பு அட்டையோடு வெளியேற, பத்துப் பேர். 124ஆவது நிமிடத்தில் பிலடெல்ஃபியா 3-2. 128ஆவது நிமிடத்தில் இடப்பக்கமிருந்து ஒரு கிராஸ். மாற்று ஆட்டக்காரராக வந்த பேல் எகிறித் தலையால் முட்டினார். 3-3, பெனால்டியில் கோப்பை. இரண்டு மாதத்தில் ஓய்வை அறிவித்துவிட்டார்.

ஒரே ஒரு தலைமுட்டுக்காக ஒருவரைச் சம்பளத்தில் வைத்திருப்பது அதிர்ஷ்டமா, திட்டமா? அதிர்ஷ்டம்தான். ஆனால் டிபி நாற்காலி மூன்றும் கையில் இருந்ததால் அந்த அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்க முடிந்தது.

மெஸ்ஸியை இந்தத் தராசில் ஏற்றக் கூடாது. 2024இல் கோபா அமெரிக்கா இறுதியில் கணுக்கால் போய், இரண்டு மாதம் உட்கார்ந்து, 19 லீக் ஆட்டமே ஆடியும் 20 கோல். அவரை வைத்து மற்றவர்களை எடை போட்டால் கிளப் திவாலாகும்.

தரையையும் பார்க்க வேண்டும். சியாட்டில், போர்ட்லாந்து, வான்கூவர் மூன்றிலும் பல வருடம் செயற்கைப் புல்லில்தான் ஆட்டம். ஐரோப்பாவிலிருந்து எம்எல்எஸ்ஸுக்கு வந்த ஸ்ட்ரைக்கர்களான ஆன்ரியும் ட்ரோக்பாவும் அப்படிப்பட்ட ஆட்டங்கள் சிலவற்றில் இறங்காமல் ஒதுங்கியவர்கள். மேற்குப் பிரிவு (வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) அணி ஒன்று அகில்லிஸ் எனும் குதிகால் தசைநாரில் பிரச்சினை உள்ளவரை எடுத்தால், அட்டவணையைப் பார்த்து அத்தனை ஆட்டங்களை முன்பே கழித்துவிட வேண்டும். போர்ட்லாந்தில் ஆடி முழங்கால் தசைநார் கிழிந்த சில்வெஸ்டரும், மான்ட்ரியலில் ஆடிய நெஸ்டாவும் 2014இல் சென்னையின் எஃப்சி சட்டையில் நம் ஊருக்கு வந்தார்கள் என்பது தனிக் கதை.

இளசுகளை வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். அட்லாண்டா 2016 டிசம்பரில் பராகுவேயின் 22 வயது அல்மிரோனை ஒப்பந்தம் செய்து, 2018 கோப்பையை வென்று, அடுத்த மாதமே இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு விற்று வாங்கியதைவிடப் பல மடங்கு பார்த்தது. ஸ்லாட்டனை விற்க முடியாது. நாற்காலி மூன்றில் குறைந்தது இரண்டு இப்படிப்பட்டவர்களுக்கே போக வேண்டும் என்பேன்.

என் கையில் பேனா இருந்தால்: முழங்கால் ஆபரேஷன் முடிந்து ஆடத் திரும்பிய ஸ்ட்ரைக்கர், சரி, முதல் வருடம் டிபி இல்லாமல். கெண்டைக்கால் அடிக்கடி இழுக்கும் மிட்ஃபீல்டர், எவ்வளவு பெரிய பெயரானாலும் வேண்டாம். பேல் மாதிரி ஆள், ஆறு மாதத்துக்கு, பெஞ்சில்.

2027 ஜூலையிலிருந்து எம்எல்எஸ் சீசன் ஐரோப்பா போலக் கோடையில் தொடங்கி மே மாதம் முடியப்போகிறது, நடுவில் குளிர்கால இடைவேளையோடு. லாம்பார்டும் ஜெரார்டும் ஐரோப்பிய சீசன் முடிந்த களைப்போடு பாதி ஓடிய வண்டியில் ஏறினார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு ஒழுங்கான முன்பயிற்சி கிடைக்கும். பதிலுக்கு மினசோட்டாவின் பிப்ரவரிக் குளிரில் அந்தக் கெண்டைக்காலைச் சூடேற்ற வேண்டியிருக்கும்.