மெல்லிய காற்றில் பக்கி ஓட்ட ஒற்றைத் துணியா, இரட்டைத் துணியா?

டென்மார்க்கின் ரோமோ தீவில், தெற்குக் கடற்கரையில் பக்கி (பட்டம் இழுக்க ஓடும் மூன்று சக்கர வண்டி) ஓட்ட இறுகிய மணலுக்குக் குறைவே இல்லை. கோடையில் காற்றுக்குத்தான் பஞ்சம். வினாடிக்கு 3 மீட்டர் அடித்தாலே பெரிய விஷயம் என்கிற நாட்களுக்காக இந்த வருஷம் ஒரு பெரிய பட்டம் வாங்கினேன். கடைசிவரை மனசில் நின்றவை இரண்டு: ஃபிளைசர்ஃபர் கம்பெனியின் பீக் மாதிரி ஒற்றைத் துணிப் பட்டம், அதே கம்பெனியின் சோல் மாதிரி காற்றை உள்ளே அடைத்துக்கொள்ளும் இரட்டைத் துணிப் பட்டம். வாங்கியது இரண்டாவது வகை.

ஒற்றைத் துணியின் அருமை தெரிந்ததுதான். எடையும் விலையும் குறைவு, சின்னப் பைக்குள் அடங்கும். உள்ளே காற்று நிரம்பக் காத்திருக்க வேண்டாம், இலை அசைகிற காற்றிலும் எழும்பிவிடும்.

எழும்பிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். நிற்கிறவருக்கு 3 மீட்டர் காற்று. அதற்குக் குறுக்கே அதே வேகத்தில் உருண்டால் பட்டம் உணர்வது சுமார் 4.2 மீட்டர். விசை, காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் இழுவை இரண்டு மடங்காகிறது. மெல்லிய காற்றில் நம் கையில் இருக்கும் முதலே இதுதான்: ஓடி ஓடிக் காற்றை உண்டாக்கிக்கொள்வது. சிக்கல் என்னவென்றால், வேகம் கூடக் கூட அந்தக் காற்று முன்பக்கமாக நகர்ந்து முகத்தில் அடிக்கும். அப்போதும் முன்னேறிப் பறக்கிற பட்டம்தான் வேகத்தைத் தக்கவைக்கும். ஒற்றைத் துணி பின்தங்கிவிடுகிறது, முன்விளிம்பு படபடக்கிறது, இழுவை காற்று போகிற பக்கமே போகிறது. காற்றோடு ஜாலியாகப் போய்விட்டு, திரும்பும்போது பக்கியை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இரட்டைத் துணி நன்றாக முன்னேறிப் பறக்கும், ஆனால் ஓட்டுகிற விதம் சரியாக இருக்க வேண்டும். கிளம்பும்போது பக்கியைக் காற்று போகும் பக்கம் கொஞ்சம் திருப்பி, பட்டத்தை மேலும் கீழுமாக வளைத்து வளைத்து ஓட்டுங்கள். அது கீழே பாயும் நொடியில்தான் இழுவை. வேகம் பிடித்ததும் பட்டத்தைத் தாழ்வாக நிறுத்தி, முன்சக்கரத்தைப் பாதத்தால் இம்மி இம்மியாகக் காற்று வரும் பக்கம் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் வேகம் செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து. இழுவை போதவில்லை என்று பாரை (பட்டத்தை ஓட்டும் கைப்பிடிக் கம்பியை) நெஞ்சோடு இழுத்துப் பிடிப்பது இன்னொரு வியாதி: பின்விளிம்பு வளைந்து, பட்டம் பின்பக்கமாகச் சரியும். கையைத் தளர்த்தினால் தானாகப் பறக்கும்.

தொல்லை, மணல். உள்ளே போனது இறக்கை நுனியில் தேங்கும். ஒரு பிடி இருந்தாலே மெல்லிய காற்றில் அந்தப் பக்கம் தொங்கும். நுனியில் வெல்க்ரோ வாய் உண்டு. திறந்து, நடுவிலிருந்து நுனிக்குத் துணியை உதறிக் கொட்ட வேண்டும். மூட மறந்தால் அடைத்த காற்றெல்லாம் அந்த வழியாகவே போய்விடும்.

இதெல்லாம் இறுகிய மணலில் கண்டது. கால் புதைகிற மணலில், அகலச் சக்கரத்தோடு, எனக்கு ஓட்டம் குறைவு. வேகமே பிடிக்காத இடத்தில் ஒற்றைத் துணி மேலாக இருக்கலாம்.

பழையது வாங்குகிறவர்கள் துணியின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். காற்று நிரப்பி, காற்றுவாயை மூடி, சற்று நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். சட்டென்று தொய்ந்தால் விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.